இரைப்பையை எடுத்துவிட்டால் எப்படிச் சாப்பிடுவார்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மூன்று மாதமாகப் பசியில்லை, அரைத்தட்டுச் சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, மலம் தார் மாதிரி கறுப்பு. ரங்கூனில் எண்டோஸ்கோப்பி செய்து, சதை கிள்ளிச் சோதித்து, இரைப்பைப் புற்றுநோய் என்றார்கள். இரைப்பையை முழுசாக எடுக்க வேண்டுமாம், ஆனால் முதலில் இரண்டு மாதம் கீமோவாம். கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு ஏன் காத்திருக்க வேண்டும், கைவிட்டுவிட்டார்களா? கத்தி பட்டால் பரவும் என்று பெரியப்பா வேறு தடுக்கிறார்.
— ஒரு வாசகி, பெகு

பதில்: கைவிட்டிருந்தால் ஆபரேஷன் பேச்சே வந்திருக்காதம்மா. கட்டியிலிருந்து ஸ்கேனில் தெரியாத துகள்கள் ஏற்கெனவே வெளியே போயிருக்கலாம், அவற்றைக் கத்தியால் பிடிக்க முடியாது, மருந்துதான் பிடிக்கும். அதை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கலாமே என்றால், அப்போது உடம்பு தளர்ந்து பலரால் கீமோவை முடிக்கவே முடிவதில்லை. அதனால்தான் தெம்பு இருக்கும்போதே இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 4 முறை, ஆபரேஷன் ஆன பிறகு இன்னொரு 4 முறை என்று பல இடங்களில் கொடுக்கிறார்கள். கட்டி சுருங்கினால் எடுப்பதும் சுலபம். ஒன்று மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்: வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமராவில் பார்த்தார்களா? வயிற்று உறையில் பொடிப்பொடியாகப் பரவியிருந்தால் சி.டி. ஸ்கேனில் தப்பிவிடும், அப்படி இருந்தால் திட்டமே மாறும்.

பெரியப்பா சொல்வது புதிதல்ல. அந்தக் காலத்தில் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், திறந்து பார்த்து ஒன்றும் செய்ய முடியாமல் தைத்து அனுப்புவார்கள், ஆள் சீக்கிரமே போய்விடுவார், பழி கத்தி மேல். இரைப்பை அறுவை 1881-லேயே வியன்னாவில் வெற்றிகரமாக நடந்திருக்கிறது.

சரி, சாப்பாடு. உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்துவிடுவார்கள். செரிமானத்தில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது, இரைப்பை முக்கியமாகச் சேர்த்து வைத்து அரைத்துத் தரும் இடம். அது போனால் மொய்ங்கா ஒரு கிண்ணம் அரைக் கிண்ணமாகும், மூன்று வேளை ஆறு வேளையாகும், நன்றாக மென்று சாப்பிட்டு, தண்ணீரை அரைமணி கழித்துக் குடிக்க வேண்டும். டீக்கடையில் கட்டிப்பால் ஊற்றித் தரும் அந்தத் தித்திப்பு டீதான் வம்பு. சர்க்கரை சடாரென்று குடலுக்குள் இறங்கி வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். பி12 ஊசி ஆயுள் முழுக்க வேண்டும், விட்டால் ரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் வரும். சுருட்டுப் பழக்கம் இருந்தால் இன்றைக்கே விடட்டும். கறுப்பு மலத்தோடு மயக்கமும் வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பைப் புற்றுக்கு ஒரு காரணம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994-லேயே அறிவித்துவிட்டது. பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றுவது. மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் தெரிந்துவிடும், பெரும்பாலும் இரண்டு வார மாத்திரையில் போய்விடும். நீங்களும் கூடப்பிறந்தவர்களும் பாருங்கள். பெரியப்பாவும் உங்கள் அப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்தானே, அவரையும் கையோடு கூட்டிப்போங்கள்.