பாதியில் நிற்கும் படங்கள்: ஓவியம் படிக்கும் பெண்ணின் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் பெண் பி.எஃப்.ஏ. (நுண்கலைப் பட்டம்) விஷுவல் கம்யூனிகேஷன் மூன்றாம் ஆண்டு. கையில் மூன்று ப்ராஜெக்ட், மூன்றுமே பாதியில். ஜூரிக்கு, அதாவது ஆசிரியர்கள் உட்கார்ந்து வேலையை மதிப்பிடும் நாளுக்கு, எட்டு வாரம்தான் பாக்கி. ராத்திரி முழுக்க வரைந்ததைக் காலையில் கிழித்துப் போடுகிறாள். "பேசாமல் பி.காம். சேர்த்திருக்கலாம்" என்கிறார் அவள் அப்பா. இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் எழுதிய வேறொரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "ஒரு மாதமாகத் தீப்பெட்டி சைஸில் கட்டம் கட்டமாகக் கிறுக்கிக்கொண்டிருந்தாள், நான்தான் திட்டி ஒழுங்காக வரைய உட்கார வைத்தேன்."

அந்தக் கட்டங்கள்தான் வேலை. தம்ப்நெயில் என்பார்கள். அவ்வளவு சின்ன இடத்தில் கண், விரல், இலை எதையும் வரைய முடியாது. இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே, ஆள் எந்த மூலையில் நிற்கிறான், எழுத்து எங்கே உட்காரும் என்பதை மட்டும்தான் முடிவு செய்ய முடியும். சின்னதாகப் போடுவதே அதற்காகத்தான். இதைப் பெரிய தாளில் முடிவு செய்யப் போனால் கை உடனே கண்ணிமையையும் சேலைக் கரையையும் தீட்ட ஆரம்பித்துவிடும். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டுக் கட்டம் போட்டுப் பார்த்து ஒன்றை எடுக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

சரி, ஏன் கிழிக்கிறாள்? அவள் செய்வது 24 பக்கச் சிறுவர் கதைப் புத்தகம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பக்கத்தை எடுத்து வண்ணம், நிழல் எல்லாம் போட்டு முழுசாக முடித்திருப்பாள். பிறகு இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவது பக்கம் வரும்போது கை தேறியிருக்கும், கதையில் வரும் பாட்டியின் மூக்கும் மாறியிருக்கும். திரும்பிப் பார்த்தால் முதல் பக்கம் வேறு யாரோ வரைந்ததுபோல் தெரியும். கிழிப்பாள். மறுபடி முதல் பக்கம். இந்தச் சுழலில் சிக்காத மாணவரை நான் அதிகம் பார்த்ததில்லை. இதைத் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலையின் வரிசைதான் தப்பு.

வரிசை இப்படி இருக்க வேண்டும். முதலில் ஒரே தாளில் 24 பக்கமும் கட்டங்களாக, கதை முழுக்க ஒரு பார்வையில் தெரியும்படி. அடுத்து பாட்டிக்கு ஒரு தனித் தாள்: முன்பக்கம், பக்கவாட்டு, சிரிப்பு, கோபம், நிற்கும்போது பேத்தியின் உயரத்துக்கு எத்தனை பங்கு என்பதுவரை. இது சுவரில் ஒட்டியிருந்தால் மூக்கு மாறாது. மூன்றாவது டம்மி. சாதாரண வெள்ளைத் தாளை மடித்து, ஸ்டேப்ளர் போட்டு, பென்சில் ரஃப்போடு கையில் புரட்டிப் பார்க்கிற நிஜப் புத்தகம். புரட்டினால்தான் சில கோளாறுகள் தெரியும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து வரைந்த படத்தில் பாட்டியின் முகம் சரியாக நடு மடிப்பில் விழுந்திருக்கும். திரையில் பார்க்கும்போது இது கண்ணில் படவே படாது.

டம்மியிலேயே உண்மையான தமிழ் வரிகளை ஒட்டிவிடச் சொல்லுங்கள். நிறைய பிள்ளைகள் ஏதோ ஆங்கில வரியை வைத்து இடம் ஒதுக்கிவிட்டுக் கடைசி வாரம் தமிழைக் கொண்டுவருவார்கள். 'பார்த்துக்கொண்டிருந்தாள்' என்ற ஒரு சொல்லே பாதி வரியைப் பிடித்துக்கொள்ளும். கு, ளு, ஞூ எல்லாம் கீழே இறங்குவதால் வரிகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி வேண்டும். போட்டோஷாப், இன்டிசைன் ஆகிய மென்பொருள்கள் இரண்டிலும் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக நிற்கும். ஜூரியில் இதைப் பார்க்கிற ஆசிரியருக்கு ஓவியம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் எரிச்சல்தான் வரும். எனக்கும் வரும்.

டம்மியை ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் ஃபைனல். அதையும் முதல் பக்கத்தில் தொடங்க வேண்டாம். கதையின் நடுவில், அதிகம் சிக்கலில்லாத ஒரு பக்கத்தில் தொடங்கட்டும். முதல் பக்கமும் அட்டையும் கடைசியில். பார்ப்பவர் முதலில் பார்ப்பது அவற்றைத்தான், அவள் கை நன்றாகத் தேறியிருப்பதும் அப்போதுதான். நடுப்பக்கங்களில் இருக்கும் சின்னத் தடுமாற்றம் யாருக்கும் உறுத்தாது.

எட்டு வாரத்தில் முதல் இரண்டு வாரம் கட்டங்களுக்கும் பார்த்து வரைவதற்கும் போகட்டும். பார்த்து வரைவது என்றால் பின்ட்ரெஸ்டில் படம் சேர்ப்பது இல்லை. அது வேலை செய்வதுபோலவே இருக்கும், நாள்தான் ஓடிவிடும். கதை உங்கள் ஊர் ரேஷன் கடை வாசலில் நடக்கிறதென்றால் அந்த வாசலில் போய் நிற்கச் சொல்லுங்கள். பை, க்யூ, எடைத் தட்டு, சுவரில் உரிந்த பெயின்ட் எல்லாம் அங்கே இருக்கிறது. அடுத்த இரண்டு வாரம் ரஃப்பும் டம்மியும். மூன்று வாரம் ஃபைனல். கடைசி வாரம் முழுக்க அச்சுக்கு. அந்த வாரத்தை வேறு எதற்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அச்சுக்கு ஒரு வாரமா என்று கேட்பீர்கள். திரையில் பளிச்சென்று தெரியும் ஊதாவும் இளம்பச்சையும் நான்கு வண்ண அச்சில் மங்கிப்போகும். அதைப் ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுத்துப் பார்த்துத்தான் திருத்த முடியும். ஃபைல் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்க வேண்டும், ஓரத்தில் வெட்டுக்காகப் படத்தை 3 மி.மீ. கூடுதலாக நீட்டி விட வேண்டும் (ப்ளீட் என்பார்கள்), எழுத்துகள் கறுப்பு மையில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால், மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பதிவு கொஞ்சம் விலகினாலே எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் ப்ரெஸ்ஸுக்கு ஒரு கேள்வியும் வராத ஃபைல் அனுப்பத் தெரிந்த ஓவியருக்கு இரண்டாவது வேலை தானாக வரும். பதிப்பகம், விளம்பர நிறுவனம், பேக்கேஜிங், அனிமேஷன் ஸ்டுடியோ எங்கே போனாலும் இதுதான் நிலவரம்.

ஆகவே இப்போது மூன்று ப்ராஜெக்டையும் முடிக்கச் சொல்லாதீர்கள். இந்தக் கதைப் புத்தகம் ஒன்றை மட்டும், அதையும் 16 பக்கமாகக் குறைத்து முடிக்கட்டும். குறைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஆசிரியர்களும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதைக்கு ஓவியர் மணியம் வாரந்தோறும் வரைந்தார். ஒவ்வொரு படமும் அவருக்கே திருப்தி தந்திருக்குமா? இதழ் வெளியாகும் நாள் வந்தால் படம் போயே ஆக வேண்டும்.

கிழித்த தாள்களை இனி குப்பையில் போடவிடாதீர்கள். தேதி போட்டு ஒரு ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். போர்ட்ஃபோலியோவில் முடித்த படத்துக்குப் பக்கத்தில் அதன் கட்டங்களும் ரஃப்பும் இருந்தால்தான் இந்தப் பெண் எப்படி யோசிக்கிறாள் என்று நேர்முகத் தேர்வில் புரியும். 'ஏஐ வந்துவிட்டதே' என்று நீங்கள் கேட்டதற்கும் என் பதிலில் பாதி இதுதான். படத்தை மட்டும் காட்டினால் யார் செய்தது என்ற கேள்வி வரும், பாதையையும் காட்டினால் வராது. எம்.டெஸ். (வடிவமைப்பில் முதுகலை) படிக்க ஆசைப்பட்டால் ஐஐடி பம்பாய் நடத்தும் சீட் தேர்வும் என்ஐடி என்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் டாட் தேர்வும் இருக்கின்றன. அங்கேயும் நேர்முகம் வரை போனால் இதே ஃபைல் பேசும்.

அவள் அப்பாவுக்கு: சென்னை கவின் கலைக் கல்லூரியின் தொடக்கம் 1850. நேற்று முளைத்த படிப்பு இல்லை. மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டு பி.காம். முதலாண்டில் உட்காருவது எந்தக் கணக்கிலும் லாபம் தராது. ஒரு புத்தகம் முடியட்டும், பிறகு பேசுவோம் என்று சொல்லுங்கள். வீட்டில் "முடிஞ்சுதா?" என்று யாரும் கேட்க வேண்டாம். "எந்தக் கட்டத்துல இருக்க, டம்மியக் காட்டு" என்று கேளுங்கள்.

கடைசியாக, ஐபேட் வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். அவளிடம் இருக்கும் லேப்டாப்பில் கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கும். திரையில்லாத சாதாரணப் பேனா டேப்லெட் சில ஆயிரத்துக்குள் வாங்கலாம். மிச்சப் பணத்தில் ஒரு பகுதியைப் ப்ரூஃப் எடுக்க எடுத்து வையுங்கள், குறைந்தது இரண்டு தடவை எடுக்க வேண்டியிருக்கும்.