கரையில் பூங்கா வரட்டும், ஆற்றுக்குள் வேண்டாம்

ஆற்றங்கரையைச் சீரமைத்து பூங்கா, கடை, வீடு எல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவருவது பற்றிக் கேட்டவர்களுக்கு, ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் ஒருவரின் பதில்கள்.

கும்பகோணத்திலிருந்து: ஐயா, அகமதாபாத்தில் சபர்மதிக் கரையை எவ்வளவு அழகாக்கிவிட்டார்கள்! நம் காவிரிக்கு அது முடியாதா?

நானும் போய்ப் பார்த்தேன், தம்பி. நடக்க அருமையான இடம். ஆனால் அங்கே தளும்பி நிற்பது நர்மதைக் கால்வாயிலிருந்து வருகிற தண்ணீர். இரு பக்கமும் சுமார் 11 கிலோமீட்டருக்கு கான்கிரீட் சுவர் எழுப்பி, ஆற்றை ஒடுக்கி, மீந்த நிலத்தில்தான் சாலையும் பூங்காவும் வந்தன. நம் ஆறு மேட்டூர் அணையை நம்பியது. வழக்கப்படி ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 மூடல். நடுவிலும் பல வருஷம் முறை வைத்துத்தான் தண்ணீர். படகு விடுவதற்காக இங்கே தேக்கி வைத்தால், பாசனத்தின் கடைசியில் இருக்கிற கடைமடைக்காரர் சும்மா இருப்பாரா? மாசி, பங்குனியில் வெறும் மணலாகக் கிடக்கிற ஆற்றையும் மனதில் வைத்துத்தான் கரையை வடிவமைக்க வேண்டும். படித்துறை கட்டியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. தண்ணீர் இறங்க இறங்க நாமும் இறங்கிக்கொள்ளலாம்.

திருச்சியிலிருந்து: படுகை சும்மாதானே கிடக்கிறது, கொஞ்சம் எடுத்தால் என்ன?

சும்மா கிடக்கிறதா? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை அதற்குள் மறந்துவிட்டீர்களே! அந்த மாதம்தான் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போயின. உங்கள் ஊர் பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்களும் சரிந்தன. படுகையில் வாழை போட்டவருக்கு ஒரு போகம் நஷ்டம். மாடி வீடு கட்டியவருக்கு?

மயிலாடுதுறையிலிருந்து: நாங்கள் ஆற்றுப் புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். பூங்கா வந்தால் எங்கே போவது?

மழுப்பாமல் சொல்கிறேன், அம்மா. நீர்நிலைப் புறம்போக்கு விஷயத்தில் நீதிமன்றம் கறாராகத்தான் இருக்கிறது. சென்னையில் கூவம், அடையாறு கரைகளில் இருந்த பலரை பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வீடு கிடைத்தது, வேலையும் பள்ளிக்கூடமும் தூரமாகிவிட்டன. கரையோரம் புதிதாகக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள் என்றால், வெள்ளம் ஏறாத மேட்டில் உங்களுக்கும் அதிலேயே வீடு கேளுங்கள். வரைபடம் முடிவாவதற்கு முன்பே கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் கேட்டால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

தஞ்சாவூரிலிருந்து: கீழே கடை, மேலே வீடு சரிப்படுமா?

நம் பழைய கடைத்தெருக்களில் வேறு என்ன இருக்கிறது? தாராளமாகச் சரிப்படும். முதல் செலவு மட்டும் பாதாளச் சாக்கடைக்கு. அது இல்லாமல் புல்தரை போட்டால், மாலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

திருவையாற்றிலிருந்து: பூங்காவில் என்ன மரம் வைக்கலாம்?

மருது. ஆற்றோரத்து மரம், திருவிடைமருதூரில் தல விருட்சமே அதுதான். கூட நாவல், புங்கன். அலங்காரப் பனையை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள், அதன் நிழலில் ஒரு ஆள் நிற்க முடியாது.