வாசகர் கேள்வி பதில்: காற்றில் கையசைத்து இசை

கே: ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு நிரல் பலகையும், ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசானிக் சென்சாரும் வைத்து, கையை உயர்த்தித் தாழ்த்தினால் சுரம் மாறும் கருவி செய்தேன். சுரம் நடுங்குகிறது; சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. ஏன்?
– வாசகர், திருப்பூர்

ப: இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். நின்றுபோவதற்குப் பெரும்பாலும், எதிரொலி நேரத்தை அளக்கும் ‘பல்ஸ்இன்’ கட்டளைதான் காரணம். எதிரொலி முறையாக வராவிட்டால், அது 1 நொடி வரை காத்திருக்கும். அதுவரை வேறெதுவும் நடக்காது. கட்டளையின் மூன்றாவது மதிப்பாக, அதாவது காத்திருக்கும் வரம்பாக, 6000 மைக்ரோ நொடி கொடுங்கள். ஒலி போய்த் திரும்ப 1 செ.மீ.க்குச் சுமார் 58 மைக்ரோ நொடி என்பதால், சுமார் 1 மீட்டர் வரை அளக்க இது போதும். விடை 0 வந்தால் முந்தைய மதிப்பையே வைத்திருங்கள். தொடர்ந்து ஐந்தாறு முறை 0 வந்தால் மட்டும் ஒலியை நிறுத்துங்கள்.

நடுக்கம் கையிலிருந்து வருகிறது. விரித்த விரல்கள், சட்டைக் கை, சாய்ந்த உள்ளங்கை எல்லாமே எதிரொலியைச் சிதறடிக்கும். விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையைச் சென்சாருக்கு நேராகப் பிடியுங்கள். கடைசி 5 அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு தப்பான அளவு வந்தாலும் சுரத்தை இழுத்துவிடும்.

கே: இதில் கமகம் வருமா? என் கருவியில் சுரங்கள் படிப்படியாகத் தாவுகின்றன.
– வாசகி, தஞ்சாவூர்

ப: வரும், ஆனால் இந்தச் சென்சாரில் வராது. அளவுகளுக்கு இடையே 60 மில்லி நொடி விடச் சொல்கிறார்கள். அப்படியென்றால் நொடிக்கு 16 அளவுகள்தான். நொடிக்கு ஐந்து முறை அசையும் சுரத்துக்கு அசைவொன்றுக்கு மூன்று புள்ளிகளே கிடைக்கும். வளைவு எங்கிருந்து வரும்? விஎல்53எல்0எக்ஸ் லேசர் சென்சாரை வாங்குங்கள். 20 மில்லி நொடி அளவீட்டில் நொடிக்கு 50 வரை கிடைக்கும். வேகம் கூடினால் துல்லியம் கொஞ்சம் குறையும், அதனால் இங்கேயும் நடு மதிப்பு வேண்டும். ஆனால் 3 அளவுகளோடு நிறுத்துங்கள், கூட்டினால் கமகமே மழுங்கிவிடும்.

அடுத்தது மிடி, அதாவது இசைக் கருவிகளும் கணினியும் சுரச் செய்திகளைப் பரிமாறும் முறை. ஊனோ நேரடியாக யுஎஸ்பி மிடி கருவியாக இயங்காது; லியோனார்டோ என்ற இன்னொரு ஆர்டுயினோ பலகை இயங்கும். சுரத்தை 0–127 வரை மட்டும் போகும் கன்ட்ரோலர் செய்தியாக அனுப்பினால் படிகள் காதில் விழும். சுரத்தை வளைக்கும் ‘பிட்ச் பெண்ட்’ செய்தி 0–16383 வரை போகும், நடு 8192. பல சின்தசைசர்களில் அதன் வீச்சு தொடக்கத்தில் இரண்டு அரைச்சுரமாக இருக்கும். அதை 12 ஆக்குங்கள், நிரலிலும் அதே எண். ஒன்றில் மாற்றி மற்றொன்றை மறந்தால் ‘ப’ இருக்கவேண்டிய இடத்தில் வேறேதோ ஒலிக்கும். 10 முதல் 58 செ.மீ. வரை ஒரே ஸ்தாயி வையுங்கள். அரைச்சுரத்துக்கு 4 செ.மீ. கிடைக்கும். இரண்டு ஸ்தாயிக்கு ஆசைப்படாதீர்கள்.

கே: எம்பியூ-6050 அசைவு சென்சார் கட்டிய குச்சியை ஒருமுறை வீசினால் டிரம் இரண்டு முறை அடிக்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: வீச்சைக் கை நிறுத்தும்போது எதிர்த்திசையில் இன்னொரு உச்சம் எழுகிறது. ஓர் அடி பதிவானதும் 80 மில்லி நொடிக்கு அடுத்ததை ஏற்காதீர்கள். சென்சாரின் அளவீட்டு வரம்பு தொடக்கத்தில் 2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் இரண்டு மடங்கு). வேகமான அடி அதில் முட்டி நின்றுவிடுவதால் மெல்லிய அடியும் பலத்த அடியும் ஒன்றாகத் தெரியும். 8 ஜி ஆக்குங்கள்.

கே: புளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வாசிக்கலாமா?
– வாசகர், கோவை

ப: வேண்டாம். தாமதம் பெரும்பாலும் 100 மில்லி நொடியைத் தாண்டும். வயர் ஹெட்போனே போதும். கணினியில் ஆடியோ பஃபரை (ஒலியை வெளியிடும் முன் சேர்த்து வைக்கும் இடம்) 256 சாம்பிளாக வையுங்கள், 48,000 ஹெர்ட்ஸில் அது சுமார் 5 மில்லி நொடிதான்.