எனக்கு மாதம் 28 நாள்

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிய பிறகும் ஐந்தாவது வருடமாக நடமாடிக்கொண்டிருக்கிறேன் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில். நான் டாக்டர் அல்ல. திருப்பூர் பனியன் கம்பெனியில் 19 வருடம் செக்கிங் பார்த்தவள், ஊர் அவிநாசிப் பக்கம். பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்து சம்பந்தப்பட்டதை உங்கள் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவிவிட்டது. மாத்திரையும் மாதம் ஒருமுறை ஊசியும் கொடுக்கிறார்கள். இது எப்போது முடியும் என்று கேட்டால் டாக்டர் சரியாகப் பதில் சொல்வதில்லை. (வாசகி, பல்லடம்)

சொல்லியிருப்பார் கண்ணு, நம் காதில்தான் ஏறியிருக்காது. எனக்கும் ஏறவில்லை. 2015-இல் முதல் தடவை வந்தபோது எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஆபரேஷன் ஒன்று, கீமோ எட்டு, கரன்ட் (கதிர்வீச்சு) வைத்தது 25 நாள். முடிந்த அன்றைக்கு நேராக அவிநாசியப்பர் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு, அடுத்த மாதமே வேலைக்குப் போய்விட்டேன். 2021-இல் இடுப்பு வலி வந்தது. நாளெல்லாம் மேசை முன்னால் நிற்கிற வேலை, அதனால்தான் என்று நானே முடிவு கட்டி மூன்று மாதம் தைலம் தேய்த்தேன். ஸ்கேன் எடுத்தால் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் புள்ளி புள்ளியாக இருக்கிறது.

அன்றைக்கு நான் கேட்டதும் இதே கேள்விதான். "இந்த மருந்து கேட்கிற வரைக்கும் இது. கேட்காமல் போனால் அடுத்தது" என்றார் டாக்டர். வெளியே வந்து வீட்டுக்காரரிடம், "இவருக்கு ஒண்ணும் தெரியலைங்க, வேற ஆளைப் பார்க்கலாம்" என்றேன்.

அவர் சொன்னது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. இந்தக் கட்டத்தில் நோயை வேரோடு பிடுங்குகிற மருந்து இல்லை, அடக்கி வைக்கிற மருந்து இருக்கிறது. சர்க்கரை வியாதி மாதிரிதான் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அந்தப் பொய் உங்களுக்கு வேண்டாம். இதில் ஒரு மருந்து ஒருநாள் கேட்காமல் போகும், அது எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் "எப்போது முடியும்" என்பதை விட்டுவிட்டு, "இந்த மாதம் எப்படிப் போகும்" என்று கேட்கப் பழகினோம்.

என்னுடையது ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது உடம்பின் ஹார்மோனைப் பிடித்து வளர்கிற வகை. பால்போசிக்லிப் மாத்திரை 21 நாள், அப்புறம் 7 நாள் லீவு. ஆக, எனக்கு மாதம் என்பது 28 நாள். பெண்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பதின்மூன்று வயதிலிருந்து எண்ணிப் பழகியதுதானே! காலண்டரில் 21 நாளுக்குச் சிவப்புப் புள்ளி, 7 நாளுக்குப் பச்சை. மூன்றாவது வாரம் உடம்பு வெறும் சாக்கு மாதிரி சரிந்துவிடும், ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது. லீவு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிடுவேன். இப்போதெல்லாம் எங்கள் ஒறம்பரையில் கல்யாணத்துக்கு நாள் குறித்தால் போன் செய்து, "அக்கா, உங்களுக்கு அது லீவு வாரமுங்களா?" என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

ஊசி ஃபுல்வெஸ்ட்ரன்ட். ஒரே நாளில் இரண்டு பக்கப் புட்டத்திலும் ஒவ்வொன்று. மருந்து கெட்டியாக இருக்கும், மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். என்ன இவ்வளவு கெட்டி என்று நர்சைக் கேட்டால், அதில் விளக்கெண்ணெய் கலந்திருக்கிறது என்றார். நம் கொட்டமுத்து எண்ணெய்! சின்ன வயதில் அம்மிச்சி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றியதைத்தான் இப்போது பின்பக்கமாக ஏற்றுகிறார்கள் என்று சொன்னேன். அந்த அறையில் இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த ஊசியைக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துக் குளிர் போனபிறகு போடச் சொல்லுங்கள், வலி குறையும்.

அம்மாவுக்கும் இதே மாத்திரைதான் என்றால் ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கும், கிருமியை எதிர்க்கிற பலம் குறையும். ஆரம்பத்தில் அடிக்கடி ரத்தம் பார்ப்பதும் அதற்காகத்தான். காய்ச்சல் 100.4 தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் கிளம்பிவிடுங்கள். எலும்புக்குச் சோலிட்ரோனிக் ஆசிட் ஏற்றுவதாகச் சொன்னால் அதற்கு முன்னால் பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். அந்த மருந்து ஏற ஆரம்பித்த பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து உண்டு. என் ஆடுகிற கடைவாய்ப் பல்லை முதலில் எடுத்து, அது ஆறின பிறகுதான் ஏற்றினார்கள்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் வீட்டில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். நான் ஆரம்பித்தபோது அந்த மாத்திரை யானை விலை. நாலு பவுன் சங்கிலியும் ஒரு கறவை எருமையும் அதில் போயின. 2023-இல் காப்புரிமை முடிந்து நம் நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்க ஆரம்பித்ததும் விலை நன்றாக இறங்கிவிட்டது. இன்னமும் பழைய விலைப் பெயரையே யாராவது எழுதிக்கொடுத்தால், இதே மருந்து குறைந்த விலையில் இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் எல்லா மாத்திரையும் அதில் வராது. ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்பே அங்கே உள்ள காப்பீட்டு கவுன்டரில் விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததிலிருந்து பார்க்க வருகிறவர்கள் ஓயவில்லை. வந்து அழுகிறார்கள். நான்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருக்கிறது. (வாசகி, பெருந்துறை)

எனக்கு வந்த ஹார்லிக்ஸ் பாட்டில்களை எண்ணிப் பார்த்தேன், 31. இன்றைக்கும் எங்கள் வீட்டில் கொள்ளும் பச்சைப்பயறும் அதில்தான் இருக்கின்றன. ஒருவர் என் எதிரிலேயே, "இதே நோவுதான் எங்க சின்னம்மாவுக்கும்... ஆறு மாசம்தான் இருந்தாங்க" என்று ஆரம்பித்தார். வீட்டுக்காரர் அவரைத் தென்னைக்குத் தண்ணீர் கட்டப் போகலாம் என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார். இன்னொருவர் காபியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்கவே இல்லை. ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். ஒட்டாது என்று சொன்னேன், தலையாட்டினார், அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

சும்மா வராமல் ஒரு வேலையோடு வரச் சொல்லுங்கள். எங்கள் நங்கையா சனிக்கிழமைதோறும் வந்து சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பால் எடுத்து வைத்துவிட்டுப் போவார். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா கட்டுத்தரையைக் கூட்டி மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, "வர்றேன் அம்முணி" என்று வாசலில் இருந்தே போய்விடுவார். மற்றவர்களுக்கு, "அவ தூங்குறாளுங்க" என்று சொல்ல வீட்டில் ஒரு ஆளைத் தயார் செய்யுங்கள். என் மாமியார் அந்த வேலையை மிக நன்றாகச் செய்தார்.

கேள்வி: மனைவிக்கு எலும்பில் பரவியிருக்கிறது. ராத்திரி வலி தாங்காமல் பல்லைக் கடிக்கிறாள். மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். அது கடைசிக் கட்டத்துக்கு உள்ளது, பழகிவிடும் என்று தொட மாட்டேன் என்கிறாள். (வாசகர், தாராபுரம்)

தம்பி, நானும் 2022-இல் அந்த மாத்திரையைப் பத்து நாள் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தவள்தான். மார்ஃபின் கொடுப்பது வலி எவ்வளவு என்பதைப் பார்த்துத்தான், ஆயுள் எவ்வளவு என்பதைப் பார்த்து இல்லை. டாக்டர் சொன்ன அளவில் வலிக்குச் சாப்பிடுகிறவர்கள் போதைக்கு அலைவது அபூர்வம். நான் நாலு மாதம் சாப்பிட்டேன். இடுப்பில் ஒரே ஒரு தடவை கரன்ட் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் வலி இறங்கியதும் டாக்டரே படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார். எலும்பு வலிக்கு அப்படி ஒரு தடவையோ ஐந்து தடவையோ வைப்பது வழக்கம், அதையும் கேளுங்கள். மார்ஃபின் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. ஆஸ்பத்திரியின் வலி நிவாரணப் பிரிவில் வாங்கிக்கொள்ளலாம். நடக்க முடியாதவர்களுக்கு, 2021-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே நர்ஸ் வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, மலச்சிக்கல். மார்ஃபின் தொடங்கும் அன்றைக்கே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். எனக்கு ஆறு நாள் போகாமல், வலியைவிட அது பெரிய பாடாகிவிட்டது.

இதை மட்டும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். முதுகெலும்பில் நோய் இருக்கிறவருக்குத் திடீரென்று கால் வலுவிழந்தாலோ, மரத்துப் போனாலோ, சிறுநீர் மலம் அடக்க முடியாமலோ போகாமலோ இருந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம். ஒருநாள் தள்ளினால் நடை போய்விடலாம்.

கேள்வி: மஞ்சளும் முள்சீத்தாவும் புற்றுநோயைக் குணமாக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

மஞ்சளால் குணமாகும் என்றால் ஈரோட்டில் ஒருவருக்கும் இந்த நோய் வந்திருக்கக் கூடாது. மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் ஊசி போடும் நாளில் என் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார், தன் மனைவிக்குத் துணையாக. குழம்பில் போடுகிற மஞ்சளால் கெடுதல் இல்லை. மஞ்சள் சத்தை இறுக்கிக் காப்ஸ்யூலாக விற்பது வேறு, அது சிலருக்கு ஈரலைக் கெடுக்கும். முள்சீத்தா மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குணமாக்கியதாக நிரூபணம் இல்லை. எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். பால்போசிக்லிப் சாப்பிடும்போது கிரேப்ஃப்ரூட், பம்பளிமாஸ் வேண்டாம் என்பதே எனக்கு இரண்டாம் வருடம்தான் தெரிந்தது. பொள்ளாச்சித் தம்பி வீட்டுப் பம்பளிமாசை அதுவரை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தேன்.

கேள்வி: எனக்கு நான்காம் கட்டம். மகளுக்கு வரன் பார்க்கிறோம். என் நோயைச் சொன்னால் இடம் தட்டிப்போகும், கல்யாணம் முடிகிற வரை மறைத்துவிடு என்கிறார் அண்ணன். (வாசகி, திருச்செங்கோடு)

எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. முடி கொட்டியதை மறைக்க ஒரு சவுரி வரைக்கும் வாங்கிவிட்டார்கள். நான்தான் மாட்டேன் என்றேன். நியாயம் பேசுவதற்காக இல்லை. மாத்திரை வேளை, ஆஸ்பத்திரி நாள், மூன்றாவது வாரச் சோர்வு எல்லாவற்றையும் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாமல் நடத்த எனக்குத் தெம்பு இல்லை. இருக்கிற கொஞ்ச பலத்தை அதில் செலவழிக்க மனசும் இல்லை.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். மரபணுப் பரிசோதனை. மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் பரம்பரை மரபணு மாற்றம் காரணம். பரிசோதனையை மகளுக்கு எடுக்கப் போகக் கூடாது, நோய் வந்தவருக்குத்தான் முதலில் எடுக்க வேண்டும். தாயிடம் மாற்றம் இருந்தால் மகளோ மகனோ ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகன் வழியாகவும் பேத்திக்குப் போகும் என்பதை நம் ஊரில் யாரும் நினைப்பதில்லை, பெண் பிள்ளையை மட்டும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். என்னிடம் அந்த மாற்றம் இல்லை. ஆனாலும் எனக்கு 42-இல் வந்ததால், மகளை 32 வயதிலிருந்து வருடாவருடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

பெண் பார்க்க வந்தவர்கள் காபி குடித்து முடித்ததும் நானே சொன்னேன். முதல் இடத்தார், "பார்த்துட்டுச் சொல்றோமுங்க" என்று எழுந்தார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் போல! இரண்டாவது இடத்தில் ஜாதகம் பொருந்தவில்லை என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். அன்றைக்கு ராத்திரி மகள் என்னோடு பேசவில்லை. எனக்கும் நாம் செய்தது சரிதானா என்று ஆட்டம் கண்டுவிட்டது, அதை மறைக்க மாட்டேன். மூன்றாவது, காங்கேயம் பக்கம். மாப்பிள்ளையின் அம்மிச்சி என் கையைப் பிடித்து, "உங்களுக்கு எந்த வாரத்துல தெம்பா இருக்கும், சொல்லுங்க. அதுக்குத் தோதா முகூர்த்தம் பார்க்கலாம்" என்றார். 2023 தை மாதம் கல்யாணம், லீவு வாரத்தில் நாலாவது நாள்.

உங்கள் மகளிடம் முதலில் கேளுங்கள். அண்ணனும் நீங்களும் பேசியது போதும், அவள் என்ன நினைக்கிறாள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே.

கேள்வி: உங்களுக்குப் பயமே வராதா அக்கா? (வாசகி, சத்தியமங்கலம்)

வரும். ஸ்கேனுக்கு முதல் நாள் ராத்திரி தூக்கம் கிடையாது. எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட் (PET) ஸ்கேன், நோய் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டுவது. வெறும் வயிற்றோடு கோயமுத்தூர் போய், கதிர்வீச்சு மருந்து ஊசி போட்டபிறகு ஒரு மணி நேரம் குளிர் அறையில் பேசாமல் அசையாமல் கிடக்க வேண்டும். போன் கிடையாது, பக்கத்தில் ஆள் கிடையாது. அந்த ஒரு மணி நேரம்தான் பொல்லாதது.

நான் அங்கே கண்ணை மூடிக்கொண்டு பனியன் செக்கிங் பார்ப்பேன். கழுத்துப் பட்டி, தோள், இரண்டு கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு. அப்புறம் உள்பக்கம் திருப்பி நூல் விட்டிருக்கிறதா, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா. ஒரு பீசுக்கு 40 நொடி. 90 பீஸ் முடிந்தால் ஒரு மணி நேரம். போன தடவை 74-ஆவது பீசில் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஸ்கேன் ஊசி போட்ட அன்றைக்கு உடம்பில் கதிர்வீச்சு இருக்கும், கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது. அதனால் பொழுது சாயும்வரை அக்கா வீட்டில் இருந்துவிட்டுத்தான் வருவேன். அடுத்த ஸ்கேன் இந்த மாதம் 18-ஆம் தேதி. பேத்திக்குக் காதுகுத்து அதற்கு ஒன்பது நாள் கழித்து, லீவு வாரத்தில் இரண்டாம் நாள். மடியில் வைத்துக்கொள்ள மாமன்காரன் துபாயில் இருந்து வருகிறான். கச்சாயத்துக்கு மட்டும் இன்னும் மாவு இடிக்கவில்லை.