லேஸ் கட்டுவதில் சில சந்தேகங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரட்டை முடிச்சு போட்டாலும் நடக்க நடக்க ஷூ லேஸ் அவிழ்ந்துவிடுகிறது. லேஸை மாற்ற வேண்டுமா?

பதில்: லேஸை மாற்றும் முன் முடிச்சைப் பாருங்கள். கட்டி முடித்ததும் இரண்டு வளையங்களும் ஷூவுக்குக் குறுக்கே, இடமும் வலமுமாகப் படுத்திருந்தால் முடிச்சு சரி. ஒரு வளையம் கணுக்காலையும் மற்றது விரல்களையும் பார்த்து நீளவாக்கில் திரும்பி நின்றால், அடியில் போட்ட முதல் பின்னலும் மேலே போட்ட வளைய முடிச்சும் ஒரே பக்கமாகச் சுற்றியிருக்கின்றன என்று அர்த்தம். அப்படிப்பட்ட முடிச்சு நழுவத்தான் செய்யும். இரண்டாம் முடிச்சு போடுவது தவறான கட்டுக்கு மேலே போடும் பூட்டு, அவ்வளவே.

திருத்த, முதல் பின்னலை மட்டும் திசை மாற்றுங்கள். வலது நுனியை இடதின் மேல் கொண்டுபோகும் பழக்கம் இருந்தால், இனி இடதை வலதின் மேல் கொண்டுபோங்கள். வளையம் போடும் முறையைத் தொடாதீர்கள்; பல வருடக் கைப்பழக்கம் அது, இரண்டையும் மாற்றினால் பழைய தவறுக்கே வந்து நிற்பீர்கள்.

அவிழ்வது எப்படி என்பதை கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2017-இல் அதிவேகக் கேமராவில் படமெடுத்துக் காட்டினார்கள். பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் முடிச்சு சற்றே நெகிழ்கிறது. கால் முன்னும் பின்னும் வீசும்போது தொங்கும் நுனிகள் சாட்டை போல உதறி அதை உருவுகின்றன. இரண்டும் சேர்ந்தால், நெகிழத் தொடங்கிய முடிச்சு சில நொடிகளில் கழன்றுவிடும்.

முடிச்சு சரியாக இருந்தும் அவிழ்ந்தால்தான் குற்றவாளி லேஸ். உருண்டையான, வழவழப்பான பாலியெஸ்டர் லேஸ் எளிதில் நழுவும். தட்டையான பருத்தி லேஸ் நன்றாகப் பிடிக்கும். மாற்ற மனமில்லையென்றால், வளையத்தைச் சுற்றிவரும் நுனியை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி இழுங்கள்.

கேள்வி: ஓடும்போது குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்குகிறது. இறுக்கிக் கட்டினால் பாதத்தின் மேல்பக்கம் வலிக்கிறது.

பதில்: இறுக்கம் தேவைப்படுவது கணுக்காலருகே; நீங்கள் முழு ஷூவையும் இறுக்குகிறீர்கள். பெரும்பாலான ஓட்ட ஷூக்களில் மேல்முனையில், சற்றுப் பின்தள்ளி, யாரும் பயன்படுத்தாத ஒரு துளை இருக்கும். அது இதற்காகத்தான். வழக்கம்போலக் குறுக்காகக் கோத்து வந்து, அதற்கு முந்தைய துளையில் லேஸை வெளியே எடுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் போகாமல், அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். விரல்நுனி நுழையும் அளவுக்குச் சிறு வளையம் நிற்கட்டும். இரு பக்கமும் இப்படிச் செய்தபின், ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, பக்கவாட்டில் கீழ்நோக்கி இழுத்துவிட்டு முடியுங்கள். மேல்நோக்கி இழுத்தால் வளையம் சரியாக இறுகாது.

வலிக்கும் இடத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே மட்டும் குறுக்காகக் கோப்பதை விட்டுவிட்டு, இரு நுனிகளையும் அந்தந்தப் பக்கத்திலேயே உள்வழியாக நேரே மேலேற்றுங்கள். அதற்கு மேலிருந்து மீண்டும் குறுக்காகக் கோக்கலாம்.

கேள்வி: படிக்கட்டு போல் நேர்கோடுகளாகத் தெரியும்படி லேஸ் கோத்தால், கடைசியில் இரண்டு நுனிகளும் ஒரே பக்கம் வந்துவிடுகின்றன. ஏன்?

பதில்: உங்கள் ஷூவில் துளை ஜோடிகள் ஒற்றைப்படை; 5 அல்லது 7. இந்தக் கோப்பில் கீழே ஒரு நேர்கோடு போட்டபின், ஒரு நுனி அடுத்த துளைக்கும் மற்றது ஒன்றைத் தாண்டியும் ஏறும். அதன்பின் இரண்டும் மாறிமாறி ஒவ்வொரு துளையைத் தாண்டிப் போகும். ஜோடிகள் 4, 6, 8 என இரட்டைப்படையாக இருந்தால்தான் கணக்கு நேராகும். ஒற்றைப்படையில், கடைசி ஏற்றத்தில் ஒரு நுனியை உள்வழியே சாய்வாக எதிர்ப்பக்கத்துக்கு அனுப்புங்கள். மேலிருக்கும் கோடுகள் அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். இரு மடல்களும் ஒட்டி மூடும் ஆக்ஸ்ஃபோர்டு ஷூவுக்கு இதைவிட அழகான கோப்பு இல்லை. அகலமாக வாய்திறந்த பூட்ஸில் சுமாராகத்தான் இருக்கும்.

கேள்வி: லேஸ் அறுந்து குட்டையாகிவிட்டது. புதியது வாங்கும்வரை ஒப்பேற்ற வழி உண்டா? புதியது எவ்வளவு நீளம் வாங்க வேண்டும்?

பதில்: ஒப்பேற்ற, வில்முடிச்சு வடிவக் கோப்பு. கீழ்த்துளைகளில் வெளியே நேர்கோடு போட்டு, நுனிகளை உள்ளே விட்டு, அந்தந்தப் பக்கத்திலேயே 2-ஆம் துளைக்கு ஏற்றி வெளியே எடுங்கள். குறுக்காகப் போய் 3-இல் உள்ளே, நேரே ஏறி 4-இல் வெளியே, மீண்டும் குறுக்காக 5-இல் உள்ளே, 6-இல் வெளியே. எல்லாத் துளைகளையும் பயன்படுத்தும் கோப்புகளில் லேஸ் மிகக் குறைவாகச் செலவாவது இதில்தான் என்று கணிதவியலர் பர்கார்ட் போல்ஸ்டர் 2002-இல் ‘நேச்சர்’ இதழில் காட்டியிருக்கிறார். 6 ஜோடித் துளைகள், குறுக்கே 5 செ.மீ., மேலும் கீழும் 2 செ.மீ. இடைவெளி என்றால், வழக்கமான குறுக்குக் கோப்புக்கு சுமார் 59 செ.மீ. போகும்; இதற்கு 39 போதும். பிடிமானம் சற்றுக் குறையும், ஓடுவதற்கு வேண்டாம்.

வாங்கும்போது, கோப்புக்கான அந்த 59-உடன் முடிச்சுக்கு ஒவ்வொரு பக்கமும் 25 முதல் 30 செ.மீ. சேருங்கள். 120 செ.மீ. லேஸ் சரியாக இருக்கும்.