பாட்டு ஓரிடம், ட்ராக் ஓரிடம்: வீட்டு ஒலிப்பதிவுக் கேள்வி பதில்

கணினியில் செய்த பின்னணி ட்ராக்கோடு குரலையும் வாத்தியத்தையும் சேர்ப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. எதற்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள்: குரல் ட்ராக்கைவிட்டு விலகுவது முதல் வரியிலிருந்து கடைசிவரை ஒரே அளவா, போகப் போகக் கூடுகிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

கேள்வி: அண்ணா, ஹெட்போனில் ட்ராக்கைக் கேட்டு ஒழுங்காகத்தான் பாடுகிறேன். ஆடாசிட்டி என்ற பதிவு மென்பொருளில் திருப்பிப் போட்டால் குரல் முழுக்கப் பின்தங்குகிறது.

பதில்: உங்கள் தாளத்தில் குறை இல்லை. ஒலி கணினியைவிட்டு வெளியே வந்து, மைக் வழியாக உள்ளே போக எடுக்கும் நேரம் அது. அதை அளந்துவிடலாம். அமைப்பில் 'லேட்டன்சி காம்பன்சேஷன்' என்ற இடத்தில் பூஜ்யம் போடுங்கள். ஒரு க்ளிக் ட்ராக்கை (தாளத்துக்கு 'டிக் டிக்' என்று மட்டும் ஒலிப்பது) ஓடவிட்டு, ஹெட்போனை மைக்கின் வாயில் வைத்து அதையே பதிவு செய்யுங்கள். இரண்டு அலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தால் இடைவெளி கண்ணுக்குத் தெரியும். 140 மில்லிசெகண்ட் என்றால் அங்கே -140 என்று கொடுங்கள். சோதித்த அதே ஹெட்போன், மைக்கோடுதான் பாட வேண்டும்.

இன்னொன்று: குரலின் முதல் எழுத்தை க்ளிக்கோடு ஒட்டவைத்துச் சரிபார்க்காதீர்கள். அரை இடம் தள்ளி எடுப்பு (தொடக்கம்) உள்ள பாட்டைச் சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் அடிக்கு, இழுத்துவைத்து, பாட்டையே கெடுத்தவர்கள் உண்டு.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்போன் போதுமா?

பதில்: கேட்க மட்டும். பதிவுக்கு வயர் உள்ளதுதான்.

கேள்வி: சார், லேப்டாப்பில் ட்ராக்கை ஸ்பீக்கரில் விட்டு, ஒரு மணி நேர பஜனையைச் செல்போனில் பதிந்தோம். இப்போது அதோடு ஒரிஜினல் ட்ராக்கைச் சேர்த்தால் தொடக்கம் பொருந்துகிறது, கடைசியில் கைத்தாளம் தனியாக ஓடுகிறது.

பதில்: லேப்டாப்புக்கும் போனுக்கும் உள்ளே தனித்தனிக் கடிகாரம். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே நான்கு நிமிடத்தில் 12 மில்லிசெகண்ட்தான். காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் 180 ஆகிவிடும். போன் பதிவில் ட்ராக்கின் முதல் அடியையும் கடைசி அடியையும் தேடிப் பிடித்து, நடுவே உள்ள நேரத்தை அளந்து பாருங்கள். ட்ராக்கில் 3600 செகண்ட், பதிவில் 3600.18 என்றால், பதிவின் வேகத்தை அந்த விகிதத்தில் கூட்டினால் போதும். ஸ்ருதி மாறியது யார் காதுக்கும் தெரியாது. அடுத்த தடவை ட்ராக்கின் தலையிலும் வாலிலும் ஒரு 'டிக்' வைத்துக்கொள்ளுங்கள், தேடும் வேலை மிச்சம். ஒரே இன்டர்ஃபேஸில் (கணினியோடு மைக், ஹெட்போனைச் சேர்க்கும் கருவி) ஓட்டிப் பதிந்தால் இந்தத் தொல்லையே வராது.

நான்கு நிமிடப் பாட்டிலேயே ஒரு செகண்டுக்கு மேல் விலகினால் கடிகாரத்தைச் சந்தேகப்படாதீர்கள். 92.5 டெம்போவில் (நிமிடத்துக்கு 92.5 அடி) பாடிய குரலுக்கு, 92இல் மறுபடி எடுத்த ட்ராக்கைப் போட்டிருப்பீர்கள்.

கேள்வி: குரல் இழுத்துக்கொண்டு போகிறது, ஸ்ருதியும் இறங்கிவிட்டது.

பதில்: சாம்பிள் ரேட், அதாவது ஒரு செகண்டுக்கு ஒலியை எத்தனை முறை அளக்கிறது என்ற எண், மாறிப்போயிருக்கிறது: 48000இல் பதிந்ததை மென்பொருள் 44100 என்று எடுத்துக்கொண்டு ஓட்டுகிறது. நான்கு நிமிடம் 4:21 ஆகும், ஸ்ருதி முக்கால் கட்டை இறங்கும். ப்ராஜெக்ட், இன்டர்ஃபேஸ் இரண்டிலும் ஒரே எண்ணை வையுங்கள்.

கேள்வி: விருத்தத்தோடு தொடங்கும் பாட்டுக்கு க்ளிக் எப்படி வைப்பது?

பதில்: விருத்தத்துக்குத் தாளமே கிடையாது, க்ளிக்கை அணையுங்கள். அந்த இடத்தில் தம்புராவோ நீண்ட ஸ்வரங்களோ போதும். அப்புறம் பல்லவிக்கு முன்னால் ஒரு ஆவர்த்தனம் (ஒரு முழுத் தாளச் சுற்று) க்ளிக் விட்டு, பாடகரை அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள். விருத்தத்தை முதலில் பதிந்து, அது முடியும் இடத்தில் கொண்டுபோய் ட்ராக்கை வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. இசைந்து கொடுக்க வேண்டியது கணினி.