திருவனந்தபுரத்தில் ஒற்றைக்கு ஒரு நாள்

அன்புள்ள ஐயா,

சின்ன வயதிலிருந்தே திருவனந்தபுரம் போய்வருகிறேன். ஆனால் மெடிக்கல் காலேஜ், ஏர்போர்ட், ஜவுளிக்கடை தாண்டி அந்த ஊரைப் பார்த்ததில்லை. ஒரு நாள் தனியாகப் போய் நடந்தே சுற்றலாம் என்று ஆசை. "பத்மநாபசுவாமி கோவிலைப் பார்த்தால் முடிந்தது, அப்புறம் பகல் முழுக்க ஒற்றைக்கு என்ன செய்வாய்?" என்கிறார்கள் தோழிகள். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? தனியாகப் போவது சரிதானா?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

தனியாகவே போங்கள். நான் சொல்லப்போகும் இடங்களில் பாதி, கூட வருகிறவர்கள் "இங்கே என்ன இருக்கு, வா" என்று கையைப் பிடித்து இழுக்கிற இடங்கள். பகலில் அந்த வழி முழுக்க ஆள்நடமாட்டம் உண்டு. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், குதிரமாளிகை அரண்மனையும் நேப்பியர் மியூசியமும் மூடியிருக்கும்.

ஊர் முழுவதையும் பார்க்க நினைக்காதீர்கள். கிழக்கேகோட்டையில் தொடங்கி எம்.ஜி. ரோடு வழியாக மியூசியம் வரை, ஒரே நேர்வழி. மொத்தம் நான்கு கிலோமீட்டர்கூட வராது. ஆனால் மேடும் பள்ளமுமான ஊர், புழுக்கம் ஆளைப் படுத்திவிடும். காலையிலேயே இறங்கிவிடுங்கள்.

இது உங்கள் ஊரிலிருந்து போன தலைநகரம். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிற பத்மநாபபுரத்திலிருந்து 1795இல்தான் திருவிதாங்கூரின் தலைநகர் இங்கே மாறியது. பத்மநாபபுரம் அரண்மனையைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டியிருப்பார்கள். அதன் மரவேலையை மனதில் வைத்துக்கொண்டு குதிரமாளிகைக்குள் போங்கள். கூரையடியில் வரிசையாக 122 மரக்குதிரைகள். வெளியே மேத்தன் மணி என்கிற பழைய கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது ஒரு தாடிக்காரர் முகத்தில் இரண்டு ஆடுகள் வந்து முட்டும். அதற்காகக் கொஞ்ச நேரம் காத்து நிற்பதில் தப்பில்லை.

குதிரமாளிகையைக் கட்டியவர் திருவிதாங்கூர் மன்னர் ஸ்வாதி திருநாள். கீர்த்தனைகளுக்காக அவரைக் கொண்டாடுகிறோம், சரி. அய்யாவழியைத் தொடங்கிய நம் சாமித்தோப்பு வைகுண்டரைப் பிடித்துவந்து இதே ஊரில் சிறை வைத்ததும் அவர் ஆட்சிதான். அங்கே நிற்கும்போது எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் ஞாபகம் வரும்.

கோவிலுக்குள் போவதானால் புடவை கட்டிக்கொண்டு போங்கள், செல்போனை வெளியே கொடுத்துவிட வேண்டும். ஏழுநிலைக் கோபுரத்தைப் பார்த்தால் பாண்டிநாட்டுக் கோவில் மாதிரியே இருக்கும். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் விடுகிறேன்.

அடுத்தது சாலைக் கம்போளம் என்கிற சந்தை. அதை உருவாக்கிய திவான் ராஜா கேசவதாஸ் விளவங்கோடு பக்கத்து ஆள். அங்கே தமிழிலேயே பேசி வாங்கலாம், ஆனால் பையைக் கனமாக்கிக்கொள்ளாதீர்கள், இன்னும் நடக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் தலைமைச் செயலகத்தின் முன்னால் உள்ள ஸ்டாச்சு ஜங்ஷன். கண்டக்டர் தினமும் நூறு தடவை "ஸ்டாச்சு" என்று கூவுகிறார், யாருடைய சிலை என்று யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கும்பகோணத்துக்காரரான மாதவ ராவ் சிலை அது. 1869இல் கட்டிமுடித்த அந்தச் செயலகம் அவர் திவானாக இருந்தபோது எழுந்தது. செயலகத்தின் முன்புறம் வேலுத்தம்பி தளவாய் சிலையும் உண்டு. தலக்குளத்துக்காரர், நம் இரணியல் பக்கம். ஆங்கிலேயரை எதிர்த்துக் குண்டறையில் அறிக்கை விட்டு, அதே 1809இல் செத்துப்போனவர். ஒருவர் வெள்ளைக்காரனோடு ஒத்துப்போய் ராஜ்யத்தை நடத்தியவர், இன்னொருவர் எதிர்த்து உயிரை விட்டவர். இரண்டு சிலைக்கும் நடுவே பஸ் ஓடுகிறது. காரில் போனால் இதைப் பார்க்கவே முடியாது. சிக்னலில் கார் நிற்பதற்குள் இடம் தாண்டிவிடும்.

பாளையம் போகும் வழியில் அய்யன்காளி ஹால் வரும். 2019 வரை அதற்கு விக்டோரியா மகாராணி பெயர். ஒடுக்கப்பட்ட புலையர் சமூகத்தில் பிறந்த அய்யன்காளி, 1893இல் பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிப்போனதற்கே தாக்கப்பட்டார். அப்புறம் திருவிதாங்கூரின் மக்கள் மன்றமான பிரஜா சபை உறுப்பினராக அதே கூடத்துக்குள் போய்ப் பேசினார். கோவில் வாசல் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பரில். நீங்கள் சாவகாசமாக நடக்கிற இந்த ஊரில், நம் பாட்டன் பூட்டன்களில் பலரால் எல்லாத் தெருவிலும் நடந்திருக்க முடியாது. வழிகாட்டிகள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பாளையத்தில் கதீட்ரல், ஜும்மா மசூதி, கணபதி கோவில் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கும். பார்த்துக்கொண்டே தாண்டுங்கள். மியூசியத்தில் உட்கார்ந்து இளைப்பாறலாம். 1880இல் முடிந்த கட்டடம், வடிவமைத்தவர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிசோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் அவர் கைவண்ணம்தான், மெட்ராஸ் போனபோது கண்ணில் பட்டிருக்கும். அதே வளாகத்து ஆர்ட் கேலரியில் ரவிவர்மா ஓவியங்கள். மிருகக்காட்சிசாலையும் அதே வளாகம்தான், ஆனால் விட்டுவிடுங்கள், கால் தாங்காது.

திரும்பும்போது நடக்க வேண்டாம், பஸ்ஸில் தம்பானூர் வந்துவிடுங்கள். அங்கே கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. செங்கல் நிறத்தில் உருளையாக, உள்ளே தரை சுற்றிச் சுற்றி மேலே ஏறும். தனி ஆளுக்கு அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரு காபி, ஒரு கட்லட். அலுவலகம் விடும் நேரத்துக்கு முன்பே நாகர்கோவில் பஸ்ஸைப் பிடித்துவிட்டால் தக்கலை வரை உட்கார்ந்தே வரலாம்.